ருசி பார்த்தது கணக்கில் சேராது

என் மச்சானுக்குத் தொழிற்சாலையில் வைத்த பெயர் நாக்கு. பட்டப்பெயர்தான், ஆனால் மரியாதையோடு சொல்வார்கள். "நாக்கு சார் சரின்னுட்டாரா?" என்று கேட்ட பிறகுதான் பிஸ்கட் பொட்டலம் போடும் பகுதிக்குப் போகும். அவன் உதட்டைப் பிதுக்கினால் அடுப்பே நிற்கும். நாற்பத்து நாலு வயது. என் மனைவியின் ஒரே தம்பி. கல்யாணம் கூடி வரவில்லை, எங்கள் வீட்டு மாடியறையில் இருக்கிறான். பத்தொன்பது வருஷமாக ஒரே தொழிற்சாலை, ஒரே முக்காலி. நீளமான அடுப்பிலிருந்து வெந்த பிஸ்கட் ஓடும் பெல்ட் பட்டையில் ஊர்ந்து வெளியே வருகிற இடத்தில் அந்த முக்காலி இருக்கும். அவன் லீவு போட்டாலும் வேறு யாரும் அதில் உட்கார மாட்டார்கள்.

நான் எடைமேடையில் வேலை பார்க்கிறவன். லாரி காலியாக வரும்போது ஒரு தடவை நிறுப்பேன், சரக்கோடு போகும்போது ஒரு தடவை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சீட்டில் எழுதியிருப்பதோடு ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான் என் வேலை. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். எடை ஒத்துப்போகாவிட்டால் இன்னும் சீக்கிரம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்த காரியத்தைக் கேட்டுவிட்டு இவ்வளவு பெரிய மனுஷன் இப்படியா என்று யாரும் முகம் சுளிக்கக் கூடாது.

பத்து வருஷத்துக்கு முன்னால் என் மனைவிக்கு வயிற்று வலி வந்து ஸ்கேன் எடுத்தோம். பித்தப்பையில் ஒன்றும் இல்லை. கடைசி வரியில் மட்டும், கல்லீரலில் கொழுப்பு, முதல் நிலை என்று போட்டிருந்தது. ஸ்கேன் எடுத்த ஆளிடம் கேட்டேன். "அது எல்லாருக்கும் இருக்கிறதுதான் சார்" என்றார். நானும் வீட்டுக்கு வந்து, "உனக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு எனக்குக் கல்யாணம் ஆன அன்னிக்கே தெரியும், இப்பதான் டாக்டருக்குத் தெரிஞ்சிருக்கு" என்று கேலி செய்தேன். அவள் தலையணையை எடுத்து அடித்தாள். அந்தக் காகிதத்தை பீரோவில் தையல் மெஷின் ரசீதுக்குக் கீழே வைத்தேன். பிறகு அவளுக்குச் சர்க்கரை வந்தது, மாத்திரை போட்டாள். ரத்த அழுத்தம் வந்தது, அதற்கும் போட்டாள். இடுப்பு பெருத்தது, ரவிக்கையைப் பிரித்துத் தைத்துக்கொண்டாள். பீரோவில் இருந்த காகிதத்தை நாங்கள் இருவரும் மறந்தே போனோம்.

போன வருஷம் அவள் கால் வீங்கியது. அப்புறம் வயிறு. கல்லீரல் சுருங்கிக் கல்லாகிவிட்டது என்றார் பெரிய டாக்டர். முதலில் அவர் கேட்ட கேள்வியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. குடிக்கிற பழக்கம் உண்டா?"

இருமல் மருந்தையே மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குகிறவள் அவள். என் முகம் போன போக்கைப் பார்த்து டாக்டரே சமாதானம் சொன்னார். "கேட்கறது என் கடமை சார். குடிக்காதவங்களுக்கும் இது வரும். இப்பல்லாம் அப்படித்தான் நிறைய வருது. சர்க்கரை, ரத்தக் கொழுப்பு, பிரஷர், தொப்பை, ஈரல்ல கொழுப்பு எல்லாம் ஒரே வீட்டு ஆளுங்க. ஒருத்தர் உள்ளே வந்தா மத்தவங்க செருப்பைக் கழட்டிட்டு வாசல்லயே நிப்பாங்க. உடம்பு செலவழிக்காத மாவையும் சர்க்கரையும் ஈரல் கொழுப்பா மாத்தி எடுத்து வைக்கும். வலிக்காது. வலிக்கிற அன்னிக்கு ரொம்ப தூரம் போயிருக்கும்."

அன்று வீட்டுக்கு வந்து அந்தப் பழைய காகிதத்தைத் தேடி எடுத்தேன். மடிப்பு மஞ்சளாகியிருந்தது. அதை அவளிடம் காட்டவில்லை, இன்றுவரை காட்டவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

வழி ஒன்றுதான் இருந்தது. சொந்தத்தில் யாராவது கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுக்க வேண்டும். கொடுத்தவருக்கு மிச்சமிருப்பது சில மாதங்களில் வளர்ந்துவிடும், வாங்கியவருக்கும் வளரும். என் ரத்த வகை ஒத்துவரவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. தம்பியின் ரத்தம் அச்சாகப் பொருந்தியது. டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் அவன் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு நின்றான், அங்கேயே அறுத்துக் கொடுக்கிறவன் மாதிரி. "பயமா இல்லையாடா?" என்று அக்கா கேட்டதற்கு, "சின்ன வயசுல என் பென்சிலை எல்லாம் பாதியா உடைச்சு எடுத்துப்பே. அப்பவே பழகிடுச்சு" என்றான்.

ஆனால் அவன் ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டர் குண்டைத் தூக்கிப் போட்டார். அவன் கல்லீரலிலும் கொழுப்பு. நூற்றுக்கு இருபத்து நாலு. சர்க்கரையும் எல்லைக்கோட்டில் நின்றது.

"பத்துக்குக் கீழே வந்தாதான் நான் கத்தி வைப்பேன்" என்றார் டாக்டர். "இப்படியே எடுத்தா அவங்களுக்கும் வேலை செய்யாது, உங்களுக்கு மிச்சமிருக்கிறதும் தாங்காது. நல்ல செய்தி என்னன்னா இது கரையும். அக்காவோடது திரும்பாது, உங்களோடது திரும்பும். உடம்பு எடையில பத்துல ஒரு பங்கு குறைங்க. மூணு மாசம் தரேன். அவங்க நாலு மாசம் தாங்குவாங்க. அதுக்கு மேல நான் உத்தரவாதம் தர முடியாது."

அவன், "நான் ரொம்பக் கம்மியாத்தான் சார் சாப்பிடறேன்" என்று மட்டும் சொன்னான். அது உண்மைதான். எங்கள் வீட்டில் எப்போதும் குறைவாகச் சாப்பிடுகிறவன் அவன்தான். தட்டைக் கொறித்துவிட்டு எழுந்துவிடுவான். தொப்பை மட்டும் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட மாதிரி முன்னால் நிற்கும். முக்காலியில் உட்கார்ந்தே வந்தது என்று நாங்கள் நினைத்தோம்.

உணவு ஆலோசகர் என்று ஓர் இளம்பெண். ஒரு நோட்டைக் கொடுத்து, சாப்பிடுவதை எல்லாம் அன்றன்றைக்கே எழுதி வரச் சொன்னார். சர்க்கரை, மைதா, பழச்சாறு, எண்ணெயில் பொரித்தது எதுவும் கிடையாது. காய், முட்டை, பருப்பு, அளந்து வைத்த சோறு. தினமும் ஒரு மணி நேரம் வேர்க்க வேர்க்க நடை. வீட்டில் அப்போது சமையல் என் கைக்கு வந்திருந்தது. என் மனைவியால் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல நிற்க முடியாது. நான் ஒரு சின்ன தராசு வாங்கிவந்து அடுப்படியில் வைத்தேன். லாரியை நிறுக்கிறவனுக்குச் சோற்றை நிறுக்கத் தெரியாதா? கிராம் பிசகாமல் நிறுத்துப் போட்டேன். மதியச் சாப்பாட்டையும் நானே கட்டிக் கொடுத்தேன். அவள் கட்டிலில் சாய்ந்தபடி, "பாவம்ங்க, இன்னும் ஒரு கரண்டி வைங்க" என்பாள். "நீ பேசாம இரு, உனக்காகத்தான்" என்பேன்.

ஆறு வாரம் ஆனது. அவன் ஒரு நாள்கூட நடையை விடவில்லை. மழையில் குடை பிடித்துக்கொண்டு நடந்தான். நோட்டில் கோழி முட்டையின் வெள்ளைக்கருவைக்கூட விடாமல் எழுதினான். திரும்ப ஸ்கேன் எடுத்தார்கள். இருபத்தொன்று. எடை ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தது.

உணவு ஆலோசகர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார், அவனைப் பார்த்தார், மறுபடியும் நோட்டைப் பார்த்தார். "இவ்வளவுதான் சாப்பிடறீங்களா சார்?" என்றார்.

"சத்தியமா இவ்வளவுதான்மா."

அந்தப் பெண் நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார். அவர் நம்பவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. எனக்கும் நம்பிக்கை போய்விட்டது. எடைமேடையில் ஒரு லாரிக்காரர் இருந்தார். அவர் வண்டி மட்டும் ஒவ்வொரு தடவையும் சீட்டைவிட நாற்பது கிலோ கூடுதலாகக் காட்டும். ஏறிப் பார்த்தால் இருக்கைக்குப் பின்னால் ஒரு டிரம் நிறையத் தண்ணீர். வரும்போது காலி, போகும்போது நிரப்பிக்கொள்வார். "அது என் குளிக்கிற தண்ணிங்க. சரக்கு இல்லையே, அதான் சொல்லலை" என்றார். இவனிடமும் ஒரு டிரம் இருக்கிறது, எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறான் என்று தோன்றியது. ஆனால் அந்த லாரிக்காரரிடம் சிரித்த மாதிரி இவனிடம் என்னால் சிரிக்க முடியவில்லை. அந்த வாரம் என் மனைவிக்கு வயிற்றில் ஊசி போட்டு ஐந்து லிட்டர் நீர் எடுத்திருந்தார்கள். அவள் முகம் வற்றிப் போயிருந்தது. ஈரல் கழிக்காத நஞ்சு தலைக்கேறி, ஒரு நாள் காலையில் என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து அவளே அழுதாள்.

அன்று பகல் அவன் வேலைக்குப் போன பிறகு மாடியறையைத் துழாவினேன். கட்டிலுக்கு அடியில், அலமாரியில், சட்டைப் பைகளில். செய்திருக்கக் கூடாத வேலைதான். ஒரு மிட்டாய்க் காகிதம்கூடக் கிடைக்கவில்லை. கிடைக்காதது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. நேரே தொழிற்சாலைக்குப் போனேன். கையும் களவுமாகப் பிடித்து, நாலு பேர் முன்னால் நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் வசனம் எழுதிக்கொண்டே போனேன்.

வாசல் காவலர் தலைக்கு ஒரு வலைத் தொப்பியும் காலுக்கு உறையும் கொடுத்து அனுப்பினார். உள்ளே நல்ல சூடு. வெண்ணெயும் சர்க்கரையும் வேகிற வாசனை சட்டைக்குள் புகுந்தது. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். என் மச்சான் முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். மணியடித்தது. அவன் கையுறை போட்ட கையால் பட்டையின் இடது ஓரத்திலிருந்து ஒரு பிஸ்கட் எடுத்தான். காதுக்குப் பக்கத்தில் வைத்து உடைத்தான், சத்தம் கேட்டான். உடைந்த இடத்தை முகர்ந்தான். பாதியை வாயில் போட்டு, கண்ணை மூடி, மென்று, விழுங்கினான். ஒரு மடக்குத் தண்ணீர். நடுவிலிருந்து ஒன்று. அதே மாதிரி. வலது ஓரத்திலிருந்து ஒன்று. அதே மாதிரி. பிறகு அடுப்புக்காரரைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினான், அவர் ஏதோ குமிழைத் திருகினார். என் மச்சான் திரும்பியவன், என்னைப் பார்த்துவிட்டு வாய் நிறையப் பிஸ்கட் தூளோடு சிரித்தான்.

கண்ணில் துளி திருட்டுத்தனம் இல்லை. எழுந்து ஓடிவந்தான். "அத்தான்! அக்காவுக்கு ஏதாவது...?"

"அக்கா இருக்கா. நீ என்ன சாப்பிட்டுக்கிட்டிருக்கே?"

"சாப்பிடலையே. நீங்க கட்டிக் கொடுத்த டப்பாவைக்கூட இன்னும் திறக்கலை. மணி என்ன ஆச்சு?"

"இப்ப வாயில போட்டியே, அது என்ன?"

அவன் திரும்பிப் பட்டையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "அது வேலை அத்தான்."

சுற்றி நின்றவர்களும் தலையாட்டினார்கள். அடுப்புக்காரர் எனக்கு விளங்கவைக்கிற மாதிரி, "சார் ருசி பார்க்கறாருங்க. சாப்பிடலை" என்றார். அந்த இடத்தில் இரண்டும் வேறு வேறு. பத்தொன்பது வருஷமாக அங்கே யாரும் அதைச் சாப்பாடு என்று நினைத்ததில்லை. நான் எழுதிவைத்திருந்த வசனமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

"எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை மணியடிக்கும்?" என்று கேட்டேன்.

"இருபது."

எட்டு மணி நேரம், இடைவேளை போக இருபத்திரண்டு தடவை மணியடிக்கும். ஒவ்வொரு தடவையும் மூன்று பாதி. முப்பத்து மூன்று பிஸ்கட். பாக்கெட்டின் மேல் எடை போட்டிருந்தது, ஒன்று ஏழு கிராம். இருநூற்று முப்பத்தொரு கிராம். கால் கிலோவுக்குப் பத்தொன்பது கிராம்தான் குறைவு. சட்டைப் பையிலிருந்து எடைச்சீட்டு ஒன்றை எடுத்து அதன் பின்பக்கம் எழுதி அவனிடம் நீட்டினேன். அவன் வெகு நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். மறுபடி மணியடித்தது. பட்டையில் பிஸ்கட் நகர்ந்துகொண்டே இருந்தது. அவன் திரும்பவில்லை.

"அந்த நோட்டுல நான் பொய் எழுதலை அத்தான்" என்றான். "எனக்கு இது தோணவே இல்லை."

"தெரியும்டா" என்றேன். அவன் அறையைத் துழாவிய கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டேன்.

மறுநாள் உணவு ஆலோசகர் சுலபமான வழி சொன்னார். மென்று துப்பிவிடலாமே. கேட்கிறவர்களுக்கு அது சுலபம். அவன் ஒரு வாரம் துப்பிப் பார்த்தான், ஒரு டம்ளரை முக்காலிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. ஐந்தாம் நாள் மாவில் சோடா கூடிப்போன ஒரு முழு அடுப்புச் சரக்கு அவன் சரி சொன்ன பிறகு கடைகளுக்குப் போய், கசக்கிறது என்று திரும்பி வந்தது. சோடாக் கசப்பு விழுங்கின பிறகுதான் தொண்டையில் தெரியும் என்று அவன் முன்பு எனக்குச் சொல்லியிருக்கிறான். பத்தொன்பது வருஷத்தில் திரும்பி வந்த முதல் சரக்கு அது. மேலாளர் திட்டவில்லை, தட்டிக்கொடுத்தார். அதுதான் அவனை உள்ளுக்குள் கொன்றது.

அடுத்த நாள் அவனாகவே போய் எழுதிக் கொடுத்தான், தன்னை வேறு பகுதிக்கு மாற்றும்படி. சரக்கேற்றுகிற இடத்தில் போட்டார்கள். நாள் முழுக்க அட்டைப்பெட்டி தூக்குகிற வேலை. முக்காலியில் வேறு ஒரு பெண் உட்கார்ந்தாள். நல்ல நாக்கு அவளுக்கு, அவனே சொன்னான். மாலையில் வீட்டுக்கு வந்து, தோள் வலிக்கிறது என்று சொல்லாமல் தோளைத் தடவிக்கொண்டு, நான் நிறுத்துப் போட்டதைச் சாப்பிட்டான். முதல் தடவையாக அவன் தட்டில் பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டதைப் பார்த்தேன். இத்தனை வருஷம் அவனுக்கு எங்கள் வீட்டுச் சாப்பாட்டின் பசியே இருந்ததில்லை.

அடுத்த ஆறு வாரம். இடுப்பு வாரில் அவன் புதிதாக மூன்று ஓட்டை போட்டான். ஸ்கேன் எடுத்த அன்று நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். கதவைத் திறந்து வந்தவன் இரண்டு கையையும் விரித்து எட்டு விரலைக் காட்டினான். எனக்குச் சட்டென்று புரியவில்லை, "இன்னும் எட்டு வாரமாடா?" என்று கேட்டேன். "எட்டு சதவீதம் அத்தான்" என்றான். நான் அந்த நடைபாதையில் எல்லோரும் பார்க்க அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். எனக்கு வெட்கமாக இல்லை.

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் அக்காவும் தம்பியும் ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இருந்தார்கள். அவன் முக்காலியை விட்ட விஷயத்தை அவளிடம் மறைத்திருந்தோம். நோயாளி மனசைக் கலைக்க வேண்டாம் என்று. அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அடுப்புக்காரர் பார்க்க வந்தபோது உளறிவிட்டாராம்.

"ஈரல் திரும்ப வளர்ந்துடும்னு டாக்டர் சொன்னார்" என்றாள் அவள். "அதனால அதுக்கு நான் உனக்குப் பெருசா நன்றி சொல்ல மாட்டேன். அந்த முக்காலியைக் கொடுத்துட்டு வந்தியே, அதைத்தான் நான் என்ன பண்றதுன்னு தெரியலை."

அவன் கூரையைப் பார்த்தபடி, "அது வெறும் முக்காலிக்கா" என்றான். அவள் கையை நீட்டினாள். இரண்டு கட்டிலுக்கும் நடுவே எட்டவில்லை. நான் எழுந்து அவள் கட்டிலை அவன் பக்கம் தள்ளிவிட்டேன்.

இது நடந்து ஏழு மாதமாகிறது. இருவரும் நடமாடுகிறார்கள். இருவருக்கும் வயிற்றில் நீளமாகத் தையல் போட்ட தழும்பு. அவன் இன்னும் சரக்கேற்றுகிற இடத்தில்தான் இருக்கிறான், ஆனால் கனமான பெட்டி தூக்காமல் எண்ணிச் சரிபார்க்கிற வேலை. முக்காலிக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள், வேண்டாம் என்றுவிட்டான். அக்கா தம்பி இருவர் பெயரும் ஆளுக்கொன்றாக எழுதிய இரண்டு காகிதம் எங்கள் சமையலறைச் சுவரில் தொங்குகிறது, பக்கத்தில் நூலில் கட்டிய பேனா. வாயில் போவது எதுவானாலும் அதில் ஏற வேண்டும். அது நான் போட்ட சட்டம்.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் வேலையிடத்திலிருந்து புதிதாக வந்த பிஸ்கட் பாக்கெட் ஒன்று கொண்டுவந்தான். நான் முறைத்தேன். அவன் கண்டுகொள்ளாமல் ஒன்றை எடுத்து, பழைய பழக்கத்தில் காதருகே வைத்து உடைத்தான். மூவரும் அந்தச் சத்தத்தைக் கேட்டோம்.

"எப்படிடா இருக்கு?" என்றாள் அக்கா.

"பத்து செகண்டு கூட வெந்துடுச்சு" என்றான். பாதியை வாயில் போட்டு, கண்ணை மூடி, மெதுவாக மென்று விழுங்கினான். எழுந்து போய்ச் சுவரில் தன் காகிதத்தில், பிஸ்கட், பாதி என்று எழுதினான். திரும்பி வந்து மற்றப் பாதியை அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"இது உன்னோடது. போய் எழுதிட்டுச் சாப்பிடு" என்றான்.